காலி டிரம்முக்குள் 10 மில்லி

கும்மிடிப்பூண்டியிலும் எல்லை தாண்டித் தடாவிலும் தொழிற்சாலையை விட்டு வெளியே வரும் 200 லிட்டர் இரும்பு டிரம்முக்கு மறுவாழ்வு உண்டு. மூடிப்பக்கத்தை கேஸ் கட்டரால் அறுத்தால் தண்ணீர்த் தொட்டி. ஆனால் அதில் முன்பு டொலுவீன் (பெயின்ட், தின்னரில் சேரும் கரைப்பான்) இருந்திருந்தால், நிரம்பிய டிரம்மைவிடக் காலி டிரம்தான் பயங்கரம்.

எரிவது திரவமல்ல, ஆவி. அதுவும் காற்றில் 1.1 முதல் 7.1 சதவீதம் வரை கலந்திருக்கும்போதுதான் டொலுவீன் ஆவி பற்றும். கீழே போனால் எரிபொருள் போதாது, மேலே போனால் காற்று போதாது. பெட்ரோல் டாங்கின் உள்ளே பெரும்பாலும் ஆவி மேல் வரம்பைத் தாண்டியே நிற்கும். டொலுவீன் அப்படியில்லை. 30 டிகிரியில், மூடிய டிரம்முக்குள் ஏறக்குறைய 5 சதவீதம், அதாவது வெடிக்கும் வரம்புக்கு நட்டநடுவே.

எவ்வளவு மிச்சமிருந்தால் ஆபத்து? 200 லிட்டரில் 1.1 சதவீதம் என்றால் 2.2 லிட்டர் ஆவி. 92 கிராம் டொலுவீன் ஆவியானால் சுமார் 24.5 லிட்டர் இடம் பிடிக்கும். கணக்குப் போட்டால் 8.3 கிராம், சுமார் 10 மில்லி. டிரம்மைக் கவிழ்த்து வைத்தாலும் விளிம்பு மடிப்பில் இவ்வளவு தங்கிவிடும்.

ஃபிளாஷ் பாயின்ட் என்பது, நெருப்பைக் காட்டினால் பற்றுமளவு ஆவி எழும் மிகக் குறைந்த வெப்பநிலை. டொலுவீனுக்கு 4 டிகிரி. நம் பக்கம் எந்த மாதமும் அதற்குக் கீழே இறங்காது. பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் ஸ்டைரீனுக்கு 31. மார்கழிக் காலையில் அடங்கிக் கிடப்பது சித்திரை வெயிலில் அடங்காது.

மூடியைத் திறந்து போட்டால் ஆவி போய்விடும் என்று நம்ப வேண்டாம். அது காற்றைவிட மூன்று மடங்கு கனம், அடியிலேயே படுத்திருக்கும். நீராவி பாய்ச்சிக் கழுவி, ஆவி அளக்கும் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கட்டர். தீப்பொறி வராத டிரம் கட்டர் கிடைத்தால் அதுவே மேல். காற்றை வெளியேற்ற நைட்ரஜன் நிரப்பிய டிரம்மில் சாதாரண எல்.இ.எல். (வெடிக்கும் கீழ் வரம்பு) மீட்டரை நம்பக்கூடாது, ஆக்சிஜன் இல்லாமல் அதன் சென்சார் வேலை செய்யாது, ஆவி இருந்தும் பூஜ்யத்தைக் காட்டலாம்.

இன்னொன்று. மீட்டரில் 10 சதவீதம் என்றால் கீழ் வரம்பில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.11 சதவீதம். தீக்கு அது போதாது. ஆனால் அது 1,100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 1,100 பங்கு); சுவாசிப்பவர் உயிருக்கே ஆபத்து என்று வகுத்த அளவு 500 தான். எட்டிப் பார்க்கிறேன் என்று தலையை உள்ளே விடக்கூடாது.