கலர் லேபுக்குப் போகும் கருப்பு வெள்ளை ரோல்

கலர் லேபில் கொடுத்த கருப்பு வெள்ளை ரோல் கண்ணாடி மாதிரி வெறுமையாகத் திரும்பி வந்தால், பலரும் முதலில் கேமராவைத்தான் சந்தேகப்படுகிறார்கள். ஃபிலிமின் ஓரத்தைப் பாருங்கள். படமே எடுக்காத ரோலாக இருந்தாலும், சரியாகக் கழுவியிருந்தால் ஓரத்தில் ஃபிலிம் பெயரும் எண்களும் தெரியும். அவையும் இல்லையா? கேமராமேல் தப்பில்லை, கழுவியதில்தான் கோளாறு.

காரணம் எளிது. கலர் நெகட்டிவ் கழுவும் சி-41 முறையில், டெவலப்பர் என்ற முதல் ரசாயனத்தில் வெள்ளியோடு சேர்ந்து சாயமும் உருவாகும். அடுத்து வரும் பிளீச்சும் ஃபிக்ஸரும் வெள்ளி முழுவதையும் எடுத்துவிடும். மிஞ்சும் சாயம்தான் படம். ஹெச்பி5, டிரை-எக்ஸ், ஃபோமாபான் போன்ற வழக்கமான கருப்பு வெள்ளை ஃபிலிம்களில் படமே வெள்ளிதான், சாயம் கிடையாது. வெள்ளி போனால் எல்லாம் போச்சு. அதை மீட்க வழியே இல்லை.

பக்கத்தில் கலர் லேப் மட்டும்தான் என்றால் இல்ஃபோர்டு எக்ஸ்பி2 சூப்பர் வாங்குங்கள். இது கலர் ஃபிலிம் போலவே சாயத்தில் படம் உருவாகும் கருப்பு வெள்ளை ஃபிலிம். கோடக்கின் பிடபிள்யூ400சிஎன்-னும் இதே வகைதான். ஆனால் அதன் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. இப்போது விற்பனைக்கு வருவதெல்லாம் காலாவதியான பழைய சரக்கு. கடையில் இன்னொன்றையும் கவனியுங்கள்: ஹெச்பி5-ம் எக்ஸ்பி2-ம் ஒரே கம்பெனி, இரண்டும் ஐஎஸ்ஓ 400 (ஃபிலிமின் ஒளி உணரும் வேகம்). டப்பாவில் சி-41 என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒருமுறை பயன்படுத்தும் கேமராவும் இந்த இரண்டு ஃபிலிமிலும் வருகிறது.

எக்ஸ்பி2-ஐ ஒரே ரோலில் கேமராவின் ஐஎஸ்ஓவை 50 முதல் 800 வரை வைத்து எடுக்கலாம், கழுவும் நேரத்தை மாற்ற வேண்டாம். 200-இல் வைத்து எடுக்கச் சொல்வேன். வெள்ளி ஃபிலிமுக்கு நேர்மாறாக, இதில் வெளிச்சம் கூடினால் கிரெயின் (படத்தில் தெரியும் பொடிப்பொடியான புள்ளிகள்) குறையும்.

ஸ்கேனரின் இன்ஃப்ராரெட் தூசி நீக்கமும் சாயப் படத்தில் ஒழுங்காக வேலை செய்யும். வெள்ளி நெகட்டிவில் அதை அணைத்துவிட வேண்டும். கலர் பேப்பரில் பிரிண்ட் போட்டால் லேசாகப் பச்சையோ பழுப்போ தட்டலாம். அதனால் ரோலைக் கொடுக்கும்போதே கவர்மேல் "எக்ஸ்பி2, சி-41, கருப்பு வெள்ளையாக ஸ்கேன்" என்று எழுதிக் கொடுங்கள்.