எஞ்சின் எங்கே இடம்பெயர்ந்தது?

"7.2 லிட்டர் இடப்பெயர்ச்சி கொண்ட டீசல் எஞ்சின் பிக்கப் டிரக்குகளுக்கு வரவிருப்பதாக வதந்தி." கைப்பேசியில் வந்த இந்த வரியைப் படித்துக் காட்டிவிட்டு, எங்கள் தெருமுனை லாரிப் பட்டறை அண்ணன் கேட்டார்: "தம்பி, எஞ்சினைத் தூக்கி எங்கே வைக்கப் போகிறார்களாம்? பின்பக்கமா?" கேலி செய்யவில்லை. முப்பது ஆண்டுகளாக டீசல் எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டுகிறவர் உண்மையாகவே கேட்டார். எஞ்சினைப் பற்றி எழுதிய ஒரு வரி எஞ்சின் தெரிந்தவருக்கே புரியவில்லை. மொழிபெயர்த்துப் பிழைப்பவன் என்பதால் வெட்கம் எனக்குத்தான் வந்தது.

இந்த 'இடப்பெயர்ச்சி'யைச் சில ஆண்டுகளாகவே பார்த்து வருகிறேன். சில இடங்களில் 'இடமாற்றம்' என்றும் வரும். அரசு ஊழியருக்கு வருவதுபோல. இரண்டுமே டிஸ்பிளேஸ்மென்ட் என்ற ஆங்கிலச் சொல்லை அகராதியில் முதலில் கண்ட பொருளுக்குத் தள்ளிவிட்டதன் விளைவு.

சொல்லின் வரலாறு சின்னது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஓரிடத்திலிருந்து அகற்றுவது என்பது மூலப் பொருள். மிதக்கும் கப்பல் எவ்வளவு நீரை ஒதுக்குகிறது என்பதைக் குறிக்கவும் அதையே வைத்துக்கொண்டார்கள். பிறகு எஞ்சினுக்கு வந்தது: சிலிண்டர் என்ற உருளைக் குழாய்க்குள் ஏறி இறங்கும் பிஸ்டன், அடியிலிருந்து உச்சிவரை ஒரு முறை ஏறும்போது எவ்வளவு கன அளவை ஒதுக்கித் தள்ளுகிறது, அதை எல்லா சிலிண்டருக்கும் கூட்டினால் எவ்வளவு என்பதே கணக்கு. ஜெர்மானியர் இதை 'ஹூப்ராவும்' என்கிறார்கள். பிஸ்டன் எழுந்து இறங்கும் வெளி. பிரெஞ்சுக்காரர்களோ தங்கள் பழைய சொல்லைத் திரும்ப வாங்காமல் சிலிண்டரை வைத்தே 'சிலாந்த்ரே' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஆங்கிலச் சொல்லை வரிக்கு வரி பெயர்த்தாக வேண்டிய கட்டாயம் யாருக்கும் இருக்கவில்லை. நமக்கு மட்டும் ஏன்?

செய்தி என்னவென்று பார்த்தால் சொல்லும் தெளியும். அமெரிக்காவின் ராம் கனரகப் பிக்கப்புகளில், டாட்ஜ் என்ற பெயர் இருந்த காலம் முதல், கம்மின்ஸ் நிறுவனத்தின் டீசல் எஞ்சின் ஓடுகிறது. 1989இல் 5.9 லிட்டர். 2007 முதல் 6.7 லிட்டர். லாரிகளுக்கென 7.2 லிட்டர் எஞ்சின் ஒன்றை கம்மின்ஸ் அறிவித்ததிலிருந்து, அடுத்து பிக்கப்புக்கும் அதுதான் என்ற பேச்சு அங்கே ஓயவில்லை. வதந்தி அவ்வளவுதான்.

5.9 எப்படி 6.7 ஆயிற்று? பழைய எஞ்சினில் சிலிண்டரின் உள்விட்டம் 102 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 120. ஆறு சிலிண்டர்களுக்கும் பெருக்கினால் 5,880 சி.சி. சொச்சம். சி.சி. என்பது கன சென்டிமீட்டர்; ஆயிரம் சேர்ந்தால் ஒரு லிட்டர். புதியதில் உள்விட்டம் 107, தூரம் 124. ஒன்றில் ஐந்து மில்லிமீட்டர், மற்றொன்றில் நான்கு; சுண்டுவிரல் நகத்தில் பாதி அகலம். ஆனால் கூடியது 800 சி.சி. மாருதி 800 காரின் எஞ்சின் மொத்தமே 796 சி.சி. என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு முழுக் காரின் எஞ்சின் அந்த நக அகலத்துக்குள் புகுந்துவிட்டது. இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டியபோது பட்டறை அண்ணனுக்கு நொடியில் விளங்கியது. பழைய டாடா லாரிகளில் ஓடும் அதே 5,883 சி.சி. கம்மின்ஸை அவர் எத்தனையோ முறை இறக்கியவர். "இதைச் சொல்வதற்கா இடப்பெயர்ச்சி?" என்றார்.

இடப்பெயர்ச்சி நல்ல சொல். பள்ளி இயற்பியலில் தொடக்கப் புள்ளிக்கும் முடிவுப் புள்ளிக்கும் இடையிலான தூரத்தைத் திசையோடு சொல்ல அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. அதை மீட்டரில் அளப்போம், லிட்டரில் அல்ல. பிஸ்டனோ புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிறது. இயற்பியல் கணக்குப்படி ஒரு சுற்று முடிந்ததும் அதன் இடப்பெயர்ச்சி சுழி! வீட்டில் பெயர்ச்சி என்றால் சனியும் குருவும். இலங்கைத் தமிழரிடம் இடப்பெயர்வு என்றால் 1995 அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணம் மொத்தமும் மூட்டை முடிச்சோடு நடந்த இரவு நினைவுக்கு வரும். அந்தச் சொல்லின் மேல் 7.2 லிட்டரை ஏற்றாதீர்கள்.

ஆனாலும் இடப்பெயர்ச்சியைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. அபத்தம் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. நாலு பேர் சிரித்தால் செத்துவிடும். என் சண்டை இன்னொரு சொல்லோடு. அது 'திறன்'. "1,500 சி.சி. திறன் கொண்ட டீசல் கார்", "எஞ்சின் திறன் 2,000 சி.சி." என்று நாளிதழ்களே எழுதுகின்றன. 2025 செப்டம்பரில் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தபோது இந்தத் 'திறன்' மழையாகப் பெய்தது. யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் காதுக்கு இயல்பாக இருக்கிறது. அதுதான் ஆபத்து.

ஆங்கிலத்தில் கெப்பாசிட்டி என்ற சொல்லுக்கு இரண்டு முகங்கள்: கொள்வதும் வல்லதும். தமிழில் திறன் என்றால் வல்லமை மட்டும்தான். ஒரு நொடியில் எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்குப் பாடநூலில் வைத்த பெயரும் திறன்தான். குதிரைத்திறன் என்று நாமே சொல்கிறோம். அப்படியிருக்க 'திறன் 6.7 லிட்டர், குதிரைத்திறன் 430' என்று எழுதினால் படிப்பவர் எதைத் திறன் என்று எடுத்துக்கொள்வார்?

இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. ஃபோர்டின் 6.7 லிட்டர் டீசல் எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 மாடலில் வந்தபோது 390 குதிரைத்திறன். 2023 மாடலின் உயர்ந்த வகையில் 500. லிட்டர் மாறவே இல்லை. அதே ஃபோர்டு 1994இல் 7.3 லிட்டர் எஞ்சின் வைத்திருந்தது; அதைவிடப் பெரியது, ஆனால் கொடுத்தது 210. பெரிய எஞ்சினுக்குக் குறைந்த திறன், சிறிய எஞ்சினுக்கு இரு மடங்குக்கும் மேல். இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால் இந்த வாக்கியத்தைத் தமிழில் எழுதவே முடியாது.

நம் ஊர்ச் சான்றும் உண்டு. 2015 டிசம்பரில் டெல்லி வட்டாரத்தில் 2,000 சி.சி. அல்லது அதற்கு மேற்பட்ட டீசல் கார்களைப் பதிவு செய்ய உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. மஹிந்திரா என்ன செய்தது? அடுத்த மாதமே 2,179 சி.சி. எஞ்சினை 1,990 சி.சி.யாகச் சுருக்கிக் கொண்டுவந்தது. எக்ஸ்யூவி500 காரின் 140 குதிரைத்திறன் அப்படியே இருந்தது. 'திறன் குறைந்த எஞ்சின்' என்று அன்று எழுதியிருந்தால் அது பச்சைப் பொய். குறைந்தது வேறு ஒன்று.

பிக்கப் வதந்தியிலும் இதே குழி காத்திருக்கிறது. 7.2 என்றதும் 'அதிகத் திறன் கொண்ட எஞ்சின்' என்று தலைப்பு வைக்கக் கை துடிக்கும். ஆனால் எஞ்சினைப் பெரிதாக்குவதற்கு வேகமும் இழுவையும் மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. 2027 மாடல் முதல் கனரக டீசல் எஞ்சின்களின் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பை, ஒரு குதிரைத்திறனில் ஒரு மணி நேரம் செய்யும் வேலைக்கு 0.2 கிராமிலிருந்து 0.035 கிராமாகக் குறைக்கும் விதியை அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2022 டிசம்பரில் இறுதிசெய்தது. புகைக் கட்டுப்பாடு இறுகும்போது, அதே வேலையைச் சற்றுப் பெரிய எஞ்சினிடம் அவசரமில்லாமல் வாங்குவதும் ஓர் உத்தி.

'கொள்திறன்' போடலாமே என்றார் ஒரு நண்பர். கட்டம் சின்னது, தலைப்பு நீளம். முதல் வெட்டில் 'கொள்' போகும், 'திறன்' நிற்கும். தூய தமிழ் ஆர்வலர் ஒருவர் 'துடைப்புக் கனவளவு' என்றார். பிஸ்டன் துடைத்துச் செல்லும் அளவு என்ற பிரிட்டிஷ் வழக்கின் நேர் பெயர்ப்பு. பொருள் துல்லியம்தான், ஆனால் அதைக் கேட்டதும் என் கண்முன் வந்தது துடைப்பம்.

என் வாக்கு 'கொள்ளளவு'க்கு. மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்று சொன்னால் டெல்டா உழவருக்கு விளக்கம் வேண்டாம். எஞ்சின் கொள்ளளவு 6.7 லிட்டர் என்றாலும் வேண்டாம்.

ஒரு மறுப்பு உண்டு, நியாயமானதுதான். பாத்திரத்தின் கொள்ளளவு என்றால் முழுப் பாத்திரம். எஞ்சினில் பிஸ்டன் உச்சியைத் தொட்ட பிறகும் மேலே கொஞ்சம் இடம் மிஞ்சும். அது இந்தக் கணக்கில் வராது. டீசலில் அது மிகச் சிறியது. சிலிண்டரில் உள்ள காற்றை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்ற அழுத்த விகிதம் பதினாறுக்கு ஒன்று என்றால் மொத்தத்தில் பதினாறில் ஒரு பங்கு. ஊசி போடும் சிரிஞ்சைப் பாருங்கள். 5 மில்லி என்று எழுதியிருக்கும்; முழுதும் அழுத்திய பிறகும் மூக்கில் ஒரு சொட்டு தங்கும். அதற்காக யாரும் சிரிஞ்சின் கொள்ளளவு தவறு என்பதில்லை. அந்தச் சொட்டையும் பிரித்துச் சொல்லியே தீர வேண்டிய பொறியியல் நூலில் 'வீச்சுக் கொள்ளளவு' என்று எழுதிக்கொள்ளுங்கள். செய்திக்கு அது மிகை.

எஞ்சினை ஏன் 'பொறி' ஆக்கவில்லை என்று சிலர் கேட்பார்கள். எஞ்சின் என்று எழுத எனக்குக் கூச்சமே இல்லை. டீசலும் ருடால்ஃப் டீசல் என்ற மனிதரின் பெயர்தான், அதையுமா பெயர்ப்பது? கடன் வாங்கிய சொல் பொய் சொல்லாது. பொருள் பார்க்காமல் ஒட்டிய தமிழ்ச் சொல்தான் பொய் சொல்கிறது. 'ஹெவி டியூட்டி'யை 'கனமான கடமை' என்று பெயர்த்த ஒரு விளம்பரத்தை நான் திருத்திக் கொடுத்திருக்கிறேன். கனரகம் என்ற சொல் சாலையோரப் பலகை ஒவ்வொன்றிலும் இருக்கிறது. நிமிர்ந்து பார்க்கத்தான் ஆளில்லை. கணினி மொழிபெயர்த்ததை மனிதர் ஒருவர் படித்துப் பார்ப்பார் என்ற ஏற்பாடு பல இடங்களில் கைவிடப்பட்டுவிட்டது. படித்தவரும் சி.சி. என்றால் என்னவென்று அறிந்தவரா என்று யாரும் கேட்பதில்லை.

இத்தனை சண்டைக்குப் பிறகு அந்தத் தலைப்பை நானே எழுதிப் பார்த்தேன். "ராம் பிக்கப்புக்கு 7.2 லிட்டர் டீசல் எஞ்சின் வருமா?" கொள்ளளவுகூடத் தேவைப்படவில்லை, லிட்டர் என்ற சொல்லே அதைச் சொல்லிவிடுகிறது. மறுநாள் பட்டறைக்குப் போய் வாசித்துக் காட்டினேன். அண்ணன் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"ஏழே கால் லிட்டரா? அதற்கு டீசல் யார் ஊற்றுவது?"