வீடு எரிந்த பிறகு பிரிக்கப்படும் பாலிசி

நான் சர்வேயர். வீட்டில் தீயோ வெள்ளமோ புகுந்த பிறகு சேதத்தை அளக்கப் போகிறவன். நான் போகும்போது தரை ஈரமாக இருக்கும், புகை நாற்றம் தொண்டையைப் பிடிக்கும், மேசைமேல் அப்போதுதான் உறையை விட்டு வெளியே வந்த பாலிசி கிடக்கும். மடிப்புக்கூடக் கலைந்திருக்காது.

“முழுசா கிடைச்சிடும் இல்லையா சார்?” என்பார்கள். அதற்கான பதில் பெரும்பாலும் முதல் பக்கத்தில் இருக்கிற ஒரு எண்ணில்தான்: காப்பீட்டுத் தொகை.

பலர் அங்கே வீட்டை வாங்கிய விலையைப் போட்டிருப்பார்கள். அதில் நிலத்தின் விலையும் சேர்ந்திருக்கும், நிலமோ எரியாது. வேறு சிலர் கடன் பாக்கியைப் போடுவார்கள். அந்தத் தொகை கடன் கொடுத்தவரைத்தான் காப்பாற்றும். போட வேண்டியது, இதே வீட்டை இன்றைய கூலியில், இன்றைய பொருள் விலையில் திரும்பக் கட்ட ஆகும் செலவு. இடிபாட்டை அள்ளும் செலவும் வரைபடக்காரர் கட்டணமும் அதில் சேருமா, தனியாகக் கிடைக்குமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

குறைத்துப் போட்டால் என்ன ஆகும்? திரும்பக் கட்ட 100 ஆகும் வீட்டை 60-க்குக் காப்பீடு செய்திருக்கிறீர்கள். சமையலறை எரிந்து 20 அளவுக்குச் சேதம். 60-க்குள்தானே, முழுதாக வரும் என்று நினைப்பீர்கள். விகிதாசார விதி உள்ள பாலிசியில் 12தான் வரும். மீதி 40 பங்குக்கு நீங்கள் பிரீமியம் கட்டவில்லை, ஆகவே அந்தப் பங்குக்கு நீங்களே காப்பீட்டாளர். தீ இரண்டு பங்கையும் சேர்த்துத்தான் எரித்தது. நான் வாயால் சொன்னால் யாரும் ஒப்புக்கொள்வதில்லை, காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியிருக்கிறது. மாடியில் ஒரு அறை எழுப்பிவிட்டுத் தொகையை ஏற்ற மறந்த வீடுகள்தான் இதில் அதிகம் மாட்டுகின்றன. கொஞ்சம் குறைந்திருந்தால் கண்டுகொள்ளாத பாலிசிகளும் உண்டு. உங்களுடையது எந்த ரகம் என்று பாருங்கள்.

சரி, கூட்டிப் போட்டால்? லாபம் இல்லை. இழந்ததை ஈடு செய்வதுதான் ஒப்பந்தம். 1883-இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. வீட்டை விற்க ஒப்பந்தம் போட்டாயிற்று, கைமாறுவதற்குள் தீ. விற்றவர் காப்பீட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டார், பிறகு வாங்கியவரிடம் முழு விலையையும் வாங்கினார். இரண்டும் சேர்ந்து உமக்கு இல்லை, காப்பீட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடு என்றது நீதிமன்றம்.

தேய்மானம் கழித்துத் தரும் பாலிசி ஒன்று, புதிதாகக் கட்டத் தரும் பாலிசி ஒன்று. பிரீமியத்தில் இருக்கும் வித்தியாசத்தை மட்டும் பார்த்து முதல் வகையை எடுத்தவர்கள், பழைய மரக்கதவுக்கு வரும் தொகையைப் பார்த்து என்னைத்தான் முறைக்கிறார்கள்.

அடுத்தது, சேதம் எப்படி வந்தது என்பது. பொதுவாக, திடீரென்று நடந்ததற்குத்தான் காப்பீடு. மெதுவாக அரித்ததற்கு இல்லை. குளியலறைக்குக் கீழே உள்ள கூரையில் நான் முதலில் தேடுவது பழுப்பு வளையங்களை. ஒன்றுக்குள் ஒன்றாக நாலைந்து வளையம் இருந்தால், அந்த இடம் பல தடவை நனைந்து காய்ந்திருக்கிறது என்று பொருள். அலமாரியின் அடிப்பலகையை நகத்தால் அழுத்தினால் மாவு மாதிரி உள்ளே போகும். “நேத்து ராத்திரிதான் குழாய் வெடிச்சது” என்ற பேச்சு அதோடு நின்றுவிடும். கரையான், துரு, பராமரிக்காத கூரை, இவையும் பெரும்பாலும் விலக்குப் பட்டியலில்தான் இருக்கும்.

வீடு மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கப் போகிறதா, ஒரு பகுதியைக் கடைக்கு விட்டிருக்கிறீர்களா? காப்பீட்டாளருக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள். அப்புறம், கட்டடத்துக்கு எடுத்த பாலிசியில் உள்ளே இருக்கும் சாமான்கள் தானாக வந்துவிடாது. சேர்த்து எடுத்திருந்தாலும் நகைகளுக்கு உள்வரம்பு, அதாவது மொத்தத் தொகைக்குள் இதற்குமேல் கிடையாது என்ற தனி எல்லை, இருக்கலாம். ஒவ்வொரு அறையையும் போனில் படம் எடுத்து, வீட்டுக்கு வெளியே ஓரிடத்தில் சேமித்து வையுங்கள்.

சேதம் நடந்தால் தண்ணீரை மூடுங்கள், மின்சாரத்தை நிறுத்துங்கள், உடனே தகவல் சொல்லுங்கள். சேதமான பொருளை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். ஒரு வீட்டில் நான் போவதற்குள் பிளம்பர் புதுக் குழாய் மாட்டிவிட்டுப் பழையதை எடுத்துப் போயிருந்தார். அவர் பட்டறைக்குப் போய், சாக்கைத் தரையில் கொட்டி அரை மணி நேரம் தேடினோம். கிடைத்தது. ஒரு சாண் நீளத் துண்டு, நீளவாக்கில் பிளந்திருந்தது, பிளவின் ஓரத்தில் துரு இல்லை. அந்தத் துண்டைப் படம் எடுத்து என் அறிக்கையோடு இணைத்தேன், க்ளெய்ம் பாஸாகிவிட்டது.