அரீக்கா பாமுக்கு ஆர்.ஓ. கழிவுத் தண்ணீர் வேண்டாம்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நர்சரி வைத்திருக்கிறேன். பங்குனி பிறந்தால் போதும், செல்போனில் ஒரு போட்டோவோடு ஆட்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். வரவேற்பறையில் வைத்த அரீக்கா பாம், ஓலை நுனியெல்லாம் தீய்ந்த மாதிரி பழுப்பாக இருக்கும். "தண்ணி பத்தலையா?" என்பதுதான் எல்லோருடைய கேள்வியும்.

போன பங்குனியில் ஒரு டீச்சரக்கா செடியையே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"எந்தத் தண்ணிங்கக்கா ஊத்தறீங்க?"

"ஆர்.ஓ. மெஷின்ல இருந்து வீணாப் போறதுதான் தம்பி. கீழ விட மனசு வரல."

தண்ணீருக்குக் கஷ்டப்படும் ஊரில் அந்த மனசு நியாயமானதுதான். ஆனால் சித்தூர் தாலுக்காவின் இந்தக் கிழக்குப் பக்கத்தில் பல போர்வெல்களில் புளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. அதற்குப் பயந்துதான் மெஷினே வாங்குகிறோம். நம் குடத்திலிருந்து மெஷின் பிரித்தெடுக்கும் உப்பும் புளோரைடும் அந்தக் கழிவுத் தண்ணீரில்தான் இறங்குகின்றன, முன்பைவிடச் செறிவாக. செடி அதை வேரால் உறிஞ்சி ஓலை வரை ஏற்றுகிறது. தண்ணீர் ஆவியாகிப் போகும், புளோரைடு போகாது. கடைசி இடமான நுனியில் சேர்ந்து அங்கேயே பொசுக்குகிறது.

அதைத் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றும்போதுதான் செடி சாகிறது. அக்காவின் தொட்டியைக் கவிழ்த்தேன். சாக்கடை வாடை அடித்தது. ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறை மாதிரி கழன்று வந்தது; உள்ளே நூல் மட்டும் மிச்சம். நல்ல வேர் வெளுப்பாக, விறைப்பாக இருக்கும், தோல் கழலாது.

பெயரில் அரீக்கா இருந்தாலும் இது நம் பாக்கு மரம் இல்லை. மடகாஸ்கரைச் சேர்ந்த வேறு பனையினம். தோப்பில் தென்னைக்குப் பாய்ச்சுகிற கணக்கு தொட்டிக்குள் செல்லாது. விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்றைக்கு ஊற்ற வேண்டாம். அடித்தட்டில் தேங்கும் தண்ணீரை அப்போதே கொட்டிவிடுங்கள்.

ஊற்றுவதற்கு மழைத் தண்ணீரைப் போல நல்லது இல்லை. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரையும் தாராளமாக ஊற்றலாம், அதில் உப்பு கிடையாது. போர்வெல் தண்ணீரை ராத்திரி முழுக்க வைத்திருந்து ஊற்றினால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். குளோரின் இருந்தால் அது கொஞ்சம் போகும், புளோரைடு போகாது. கொதிக்க வைத்தால் தண்ணீர் வற்றி இன்னும் செறிவாகும். சூப்பர் பாஸ்பேட் உரத்திலும் புளோரைடு உண்டு, இந்தச் செடிக்கு அது வேண்டாம்.

அப்புறம் இடம். மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரமே இல்லாமல் அடிக்கும். அந்தக் காற்று நேராகப் படும் ஜன்னலோரத்தில் வைத்தால் ஓலைக்கு அடியில் சாறு உறிஞ்சும் செஞ்சிலந்தி ஏறும். ஈரத் துணியால் அடிப்பக்கத்தைத் துடைத்துவிடுங்கள்.

பழுத்த அடி மட்டையை அவசரப்பட்டு வெட்டாதீர்கள். புதுக் குருத்துக்கான பொட்டாஷ் சத்தைச் செடி அதிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. முழுக்கக் காய்ந்த பிறகு எடுங்கள். உயரத்தைக் குறைக்க உச்சியை மட்டும் வெட்டவே கூடாது. ஒரு தண்டுக்கு ஒரே குருத்துதான். அது போனால் அந்தத் தண்டு போச்சு.

அக்காவின் தொட்டியில் ஏழு தண்டுகள் இருந்தன. ஒவ்வொரு குருத்தையும் மெதுவாக இழுத்துப் பார்த்தேன். மூன்று கையோடு வந்துவிட்டன, அடி அழுகல். மீதி நான்கையும் வேர் கழுவி, மணல் கூட்டிய மண்ணில், முன்னதைவிடச் சின்னத் தொட்டியில் வைத்தேன். ஆடி மழையில் கூரைக்கு வெளியே நிழலில் நிறுத்தி நனையவிடச் சொன்னேன். ஆவணியில் அக்கா போட்டோ அனுப்பினார். பழைய நுனிகள் பழுப்பாகவே இருந்தன. அவை திரும்பப் பச்சையாகாது. நடுவில் விரிந்திருந்த புது ஓலை நுனிவரை பச்சை.