தூங்காத பன்றிக்கு இரண்டாவது ஊசி

மயக்க ஊசி போட்டுப் பத்து நிமிடம் ஆகியும் பன்றி முழித்துக்கொண்டு நின்றால், வளர்ப்பவர் கேட்பது ஒரே கேள்விதான்: "இன்னொண்ணு போட்டா என்ன டாக்டர்?" தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அப்படிப் போட்டிருக்கிறேன். அரை மணி நேரம் கழித்து அது மூச்சு மெலிந்து கிடந்தபோது எனக்குத்தான் வியர்த்துக் கொட்டியது.

பன்றியின் தோலுக்கடியில் கொழுப்பு கனமாக இருக்கும். குட்டையான ஊசி அதைத் தாண்டாது. கொழுப்பில் தங்கிய மருந்து நிதானமாகத்தான் இரத்தத்தில் கலக்கும். அவசரப்பட்டு இரண்டாவதைப் போட்டால், இரண்டும் சேர்ந்து வேலையைக் காட்டிவிடும். இப்போதெல்லாம் நீள ஊசியால், காதுக்குப் பின்னே கழுத்துத் தசையில் போட்டுவிட்டு, சத்தமில்லாத அரையிருட்டில் காத்திருக்கிறேன். எடையைக் கண்ணால் மதிப்பிடுவதே இல்லை.

அப்புறம், மயக்க வாயு கொடுக்க மூச்சுக்குழாயில் டியூப் விடும் வேலை. வாய் அகலத் திறக்காது. குரல்வளை ஒரு கோணத்தில் வளைந்திருக்கும். டியூப் லேசாக இடித்தாலே இறுகி மூடிக்கொள்ளும். மரத்துப்போக வைக்கும் லிக்னோகெயின் ஸ்ப்ரே அடித்து, ஒல்லியான டியூபை மெதுவாகத் திருப்பித் திருப்பித்தான் விட வேண்டும். ஆழமாகப் போனாலும் வம்புதான். வலது நுரையீரலின் முன்பகுதிக்கான கிளை, மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் முன்பே தனியாகப் பிரிகிறது. டியூப் அதை அடைத்துவிடலாம்.

சில பன்றிகளுக்குப் பிறவியிலேயே ஒரு மரபணுக் கோளாறு உண்டு. ஐசோஃப்ளூரேன் போன்ற மயக்க வாயு உள்ளே போனதும் தசைகள் விறைத்து உடல் கொதிக்கும். பியட்ரெய்ன், லேண்ட்ரேஸ் இனங்களில் இது தெரிந்த விஷயம். செல்லமாக வளர்க்கும் குட்டை இனங்களில் அரிது. பெரும்பாலும் தெர்மாமீட்டர் ஏறும் முன்பே வெளிமூச்சில் கார்பன் டை ஆக்சைடு கூடத் தொடங்கும். அதனால் அதைக் காட்டும் மானிட்டரிலிருந்து கண்ணை எடுப்பதில்லை. இதற்கான மருந்து டான்ட்ரோலீன். கூடப் பிறந்த பன்றி ஏதாவது மயக்கத்தில் இறந்திருந்தால், தயவுசெய்து முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வளர்ந்த பன்றி என்றால் முந்தின இரவே தீனியை நிறுத்திவிடுங்கள், தண்ணீர் இருக்கட்டும். குட்டிகளுக்கு இவ்வளவு நேரப் பட்டினி ஆகாது, கேட்டுக்கொள்ளுங்கள். படுக்கையில் போட்ட வைக்கோலையும் எடுத்துவிட வேண்டும்; பசித்தால் அதையும் தின்றுவிடும். நிறைந்த வயிறு உதரவிதானத்தை அழுத்தி மூச்சைத் திணறடிக்கும்.

வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு தள்ளாட்டம் தீரும்வரை தண்ணீர்த் தொட்டி அருகே விடாதீர்கள், மூக்கை உள்ளே விட்டபடியே தூங்கிப்போகும். கூட வளரும் பன்றிகளோடும் அன்று சேர்க்க வேண்டாம். எவ்வளவு சிநேகமாக இருந்தாலும், தடுமாறி நிற்பதை அவை கடித்துவிடும்.