டெர்மினலில் சின்ன எழுத்துகள் மட்டும் ஏன் கோடாகின்றன?

"படக் கோப்பு ஒன்றைத் தெரியாமல் கேட் கமாண்டில் கொடுத்துவிட்டேன். திரை முழுக்கக் கிறுக்கல். அது நின்ற பிறகும் நான் அடிப்பதெல்லாம் கோடும் மூலையுமாக வருகிறது. பெரிய எழுத்தும் எண்ணும் மட்டும் ஒழுங்காக வருகின்றன. வைரஸா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கேட் என்பது கோப்பில் உள்ளதை அப்படியே திரையில் கொட்டும் கமாண்ட். அவரிடம் இருப்பது எஸ்டி என்கிற மிக இலேசான டெர்மினல் எமுலேட்டர், அதாவது கமாண்ட் அடித்து வேலை வாங்கும் பழைய டெர்மினல் கருவியைப் போல நடிக்கும் நிரல்.

வைரஸ் இல்லை. டெர்மினலில் பழுதும் இல்லை. அதற்கு ஒரு கட்டளை வந்தது, அதை நிறைவேற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறது.

எமுலேட்டர் எதைப் பார்த்து நடிக்கிறது என்பதில்தான் விஷயம். டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1978இல் விடி100 என்ற கருவியை வெளியிட்டது. ஒரு திரை, ஒரு கீபோர்டு, 80 பத்தி, 24 வரி, கம்ப்யூட்டரோடு இணைக்க ஒரு கேபிள். இன்றைய டெர்மினல் நிரல்கள் பெரும்பாலும் இதன் வாரிசுகள். திரையில் காட்ட வேண்டிய எழுத்தும் "சிவப்பாக்கு", "கர்சரை நகர்த்து" போன்ற கட்டளைகளும் அந்த ஒரே கேபிளில்தான் வந்தாக வேண்டும். அதனால் எஸ்கேப் என்ற 27ஆம் எண் பைட் வந்தால், அடுத்து வருவது கட்டளை என்று அர்த்தம். எழுத்துக்கு ஒரு வழி, கட்டளைக்கு ஒரு வழி என்று அன்றும் பிரிக்கவில்லை, இன்றும் பிரிக்கவில்லை. படக் கோப்பில் தற்செயலாக 27 இருந்தாலும் டெர்மினலுக்கு அது கட்டளைதான்.

சரி, கோடு எங்கிருந்து வந்தது? எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

கம்ப்யூட்டரில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண். ஏழு பிட்டில் மொத்தம் 128 எண்கள்தான். கட்டுப்பாட்டுக் குறிகளும் எழுத்துகளும் இலக்கங்களும் மற்ற குறிகளும் அதை நிரப்பிவிட்டன. ஆனால் திரையில் படிவம், அட்டவணை எல்லாம் வரையப் பெட்டிக் கோடுகள் வேண்டும். புது எண் தர இடமில்லை. எனவே இருக்கிற எண்களுக்கே இரண்டாவதாக ஒரு முகம் கொடுத்தார்கள். 95 முதல் 126 வரை உள்ள 32 இடங்களுக்கு மட்டும் ஒரு மாற்றுத் தொகுப்பு. ஆங்கிலச் சின்ன எழுத்துகள் 97இல் தொடங்கி 122இல் முடிகின்றன, மொத்தமும் அந்த எல்லைக்குள். பெரிய எழுத்துகளும் இலக்கங்களும் அதற்குக் கீழே இருப்பதால் தப்பித்துவிடுகின்றன. வாசகர் கண்டது இதைத்தான்.

மாற்றுத் தொகுப்பில் எல் என்பது ┌, க்யூ என்பது ─, கே என்பது ┐. எம் └, ஜே ┘, எக்ஸ் │. ஆக எல், க்யூ, கே என்று வரிசையாக அனுப்பினால் ஒரு பெட்டியின் மேல்பக்கம் தயார். எம், க்யூ, ஜே அனுப்பினால் அடிப்பக்கம். நான்கு மூலைகளும் ஜே, கே, எல், எம் என்று அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன, அதற்கடுத்த என் எழுத்துக்கு ┼. எதிர்ப்பக்கக் கோளாறையும் பார்த்திருப்பீர்கள்: மெனுவைச் சுற்றிப் பெட்டிக்குப் பதில் க்யூ க்யூ க்யூ என்று ஓடும், ஓரத்தில் எக்ஸாக இறங்கும். அங்கே நிரல் தொகுப்பை மாற்றச் சொல்லியிருக்கிறது, டெர்மினல் கேட்கவில்லை. எல்லா மொழி எழுத்துகளுக்குமான யூடிஎஃப்-8 குறியீட்டு நிலையில் சில எமுலேட்டர்கள் இந்தக் கட்டளையைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

தொகுப்பை மாற்ற இரண்டு வழி. எஸ்கேப், திறக்கும் வளைவு அடைப்புக்குறி, பூஜ்யம் என்று மூன்று பைட் வரிசையாக வருவது ஒன்று. இரண்டாம் தொகுப்பு ஏற்கெனவே கோடுகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தால், 14 என்ற ஒற்றை பைட்டே போதும். திரும்பி வர 15. படம் போல எழுத்தல்லாத ஒரு பெரிய பைனரிக் கோப்பில் இரண்டுமே ஏராளமாக இருக்கும், தொகுப்பு மாறி மாறிப் புரளும். கடைசியாக வந்தது 14ஆ 15ஆ என்பதுதான் முடிவு, ஏறக்குறைய நாணயம் சுண்டுவது போல. அதனால்தான் ஒரு கோப்பு டெர்மினலைக் குழப்புகிறது, இன்னொன்று ஒன்றும் செய்யாமல் போகிறது.

இதில் மாறியது படம் மட்டும்தான். நீங்கள் அடிக்கும் எழுத்து, கமாண்டுகளை வாங்கி ஓட்டும் ஷெல் நிரலுக்குச் சரியாகவே போய்ச் சேர்கிறது. திரையில் என்ன தெரிந்தாலும் ரீசெட் என்ற கமாண்டை அடித்து என்டர் தட்டுங்கள், சரியாகிவிடும். ஜன்னலை மூடித் திறப்பது, கம்ப்யூட்டரையே அணைத்துப் போடுவது எல்லாம் திருஷ்டி கழிப்பது மாதிரி சடங்காகிவிட்டது. வேலை செய்கிறதே என்பார்கள். செய்யும்தான், ஆனால் ஓடிக்கொண்டிருந்த வேலையும் கூடவே போய்விடும்.

என்டரும் வேலை செய்யாமல் திரையில் தொப்பிக் குறியும் (^) எம் எழுத்தும் வந்தால், குற்றவாளி எமுலேட்டர் அல்ல. அதற்கும் ஷெல்லுக்கும் நடுவே, இயங்குதளத்தின் மையமான கெர்னலில் ஓர் அடுக்கு இருக்கிறது. என்டர் விசை அனுப்பும் 13ஐ 10ஆக மாற்றுவது, நீங்கள் அடித்ததைத் திரையில் எதிரொலிப்பது எல்லாம் அதன் வேலை. பாதியில் செத்த நிரல் இவற்றை அணைத்தபடியே போயிருக்கும். கண்ட்ரோல்-ஜே நேரடியாக 10ஐ அனுப்பும் என்பதால், ரீசெட் அடித்து அதைத் தட்டினால் போதும். திரை உறைந்துபோவதும் பெரும்பாலும் இதே அடுக்கில்தான். கோப்பைச் சேமிக்கும் பழக்கத்தில் கண்ட்ரோல்-எஸ் தட்டியிருப்பீர்கள், அது "அனுப்புவதை நிறுத்து" என்ற 19. கண்ட்ரோல்-க்யூ தட்டினால் மறுபடி ஓடும்.

அப்புறம், வேறு சர்வருக்குள் நுழைந்ததும் "இந்த டெர்மினலைத் தெரியாது" என்று வருகிற பிழை. எந்த டெர்மினலுக்கு என்ன கட்டளை புரியும் என்ற பட்டியல், டெர்ம்இன்ஃபோ, லினக்ஸ் போன்ற யூனிக்ஸ் வகைக் கணினிகளில் இருக்கும். சின்ன எமுலேட்டர்களின் பெயர் பழைய சர்வரின் பட்டியலில் இருக்காது. எக்ஸ்டெர்ம் என்ற பிரபல எமுலேட்டர்தான் இது என்று பொய் சொல்லிச் சமாளிக்கலாம், சில விசைகள் மட்டும் முரண்டு பிடிக்கும். இன்ஃபோகம்ப் கமாண்டால் நம் பதிவை எடுத்து, அங்கே டிக் கமாண்டால் ஏற்றிவிடுவதுதான் நேர்மையான வழி. இந்தப் பட்டியலையும், டெர்மினலில் மெனுவும் பெட்டியும் வரைய நிரல்கள் பயன்படுத்தும் என்கர்சஸ் நூலகத்தையும் எக்ஸ்டெர்மையும் பல பத்தாண்டுகளாகப் பராமரித்து வருபவர் தாமஸ் டிக்கி. இத்தனை பேர் நம்பியிருக்கும் வேலை பெரும்பாலும் ஒருவர் தோளில் இருக்கிறது. புதிது புதிதாகத் தொடங்குவதற்குக் கிடைக்கும் பணத்தில் கொஞ்சம் இந்தப் பக்கமும் திரும்பலாம்.

வாசகரின் இரண்டாவது கேள்வி, மேலே போன வரிகளை ஏன் உருட்டிப் பார்க்க முடியவில்லை என்பது. எஸ்டியில் அந்த வசதியை வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. ஒரே டெர்மினலில் பல ஷெல்களை நடத்தும் டிமக்ஸ் நிரலை உள்ளே ஓட்டினால் கிடைக்கும்.