ஒரு பக்கம் மூடின குழாயும் ஒரு கண்டக்டரும்: கிளாரினெட் சோலோ எப்படி வேலை செய்யுது

ஃப்ளூட்டையும் கிளாரினெட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே நீளம் தான், 65 செ.மீ. சுமாருக்கு. ஆனா ஃப்ளூட்டோட அடிமட்ட ஸ்வரம் 262 ஹெர்ட்ஸ்னா, ஆர்கெஸ்ட்ராவுல சாதாரணமா வாசிக்கிற பி-ஃப்ளாட் கிளாரினெட் 147 ஹெர்ட்ஸ் வரைக்கும் இறங்கிடும். அதே நீளக் குழாய், கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி கீழ. சோலோ கச்சேரில கிளாரினெட் நம்மள என்னவோ பண்ணுதுன்னா அதுல பாதி இந்த ஒரு விஷயத்துல இருந்து தான் வருது.

ஃப்ளூட்டுக்கு ரெண்டு முனையும் திறப்பு, ஊதுற ஓட்டையும் வெளிக்காத்துக்குத் திறந்தே தான் இருக்கு. கிளாரினெட்ல வாய்ப்பக்கம் ஒரு ரீடு இருக்கு, நாதஸ்வரத்து சீவாளி மாதிரின்னு வச்சுக்கங்க, ஆனா இது ஒத்தைப் பட்டை. வாய்க்கும் குழாய்க்கும் நடுவுல ஒரு மெல்லிய இடுக்கு தான் மிச்சம், அதனால ஒலி அலையப் பொறுத்தவரை அந்த முனை மூடியிருக்கு. ரெண்டு பக்கமும் திறந்த குழாய்க்குள்ள அரை அலை அடங்கணும், ஒரு பக்கம் மூடினதுல கால் அலை அடங்கினாலே போதும், அதாவது அதே நீளத்துல ரெண்டு மடங்கு நீளமான அலை. ஓபோ (ரெட்டைப் பட்டை ரீடு வச்ச மரக் குழல்), சாக்ஸஃபோன்லயும் தான் ரீடு இருக்கேன்னு கேக்கலாம். அதெல்லாம் உள்ள கூம்பு மாதிரி விரிஞ்சுக்கிட்டே போற குழாய், அந்த வடிவத்துக்கு வேற கணக்கு, அது திறந்த குழாய் மாதிரியே நடந்துக்கும். கிளாரினெட் உள்ள பெரும்பாலும் நேர் உருளை.

இதுல இன்னொரு விளைவு இருக்கு. ஒரு பக்கம் மூடின உருளைல அடிப்படை அதிர்வெண்ணோட 3 மடங்கு, 5 மடங்கு, 7 மடங்குன்னு ஒத்தைப்படை மட்டும் தான் நல்லா நிக்கும், 2, 4 எல்லாம் ரொம்ப பலவீனம். கீழ் ஸ்வரங்கள்ல கேக்குற அந்த உள்ள குடைஞ்ச மாதிரி இருட்டுச் சத்தம் இதனால தான். மேல போகப் போக இந்த வித்தியாசம் குறைஞ்சிடும். மரத்தால தான் அந்த குணம்னு நிறைய பேர் சொல்வாங்க, கருப்பு மரம் பாக்க அழகு தான், ஆனா சத்தத்த முடிவு பண்றதுல பெரும்பங்கு உள்ள இருக்கிற துளையோட அளவுக்கும் வடிவத்துக்கும் தான்.

வாசிக்கிறவருக்குத் தலைவலியும் இங்க தான் ஆரம்பிக்குது. ஃப்ளூட்லயோ ஓபோலயோ கீழ் ஸ்வர வரிசைல இருந்து அடுத்த வரிசைக்குத் தாண்டினா சரியா ஒரு ஸ்தாயி மேல போகும், விரல் கிட்டத்தட்ட அதே இடத்துல இருந்தா போதும். கிளாரினெட்ல இடது கட்டைவிரலுக்கு மேல ஒரு சின்ன கீ, அதாவது ஓட்டைய திறந்து மூடுற நெம்புகோல், இருக்கு, அத அமுக்கினா ஒரு குட்டி ஓட்டை திறந்து அடிப்படை அதிர்வு கலைஞ்சிடும், ஆனா ரெண்டாவது மடங்கு தான் இல்லையே, அதனால நேரா மூணாவதுக்குப் போயிடும். ஸ-ல இருந்து தாவினா மேல் ஸ்தாயி ப-ல போய் நிக்கும். நடுவுல இருக்கிற 18 ஸ்வரத்துக்கும் தனித்தனியா ஓட்டையோ கீயோ வேணும், இருக்கிறது பத்து விரல், அதுலயும் வலது கட்டைவிரல் கருவிய தாங்கிட்டு இருக்கு. 1700 வாக்குல நியூரம்பெர்க்ல கிளாரினெட்ட உருவாக்கினவர்னு சொல்லப்படுற யோஹான் கிறிஸ்டோஃப் டென்னர் செஞ்ச கருவிகள்ல ரெண்டே கீ, இன்னைக்கு பரவலா இருக்கிற மாடல்ல 17. வாசிக்கிறவங்க பயப்படுற இடம் ரெண்டு வரிசையும் சேர்ற அந்த எல்லை: ஒரு ஸ்வரத்துல விரல் எல்லாம் கிட்டத்தட்ட தூக்கியிருக்கும், அடுத்த ஸ்வரத்துக்கு அத்தனை ஓட்டையும் ஒரே நேரத்துல மூடணும், ஒரு விரல் இம்மி பிசகினாலும் கீச்சுன்னு கத்திடும். சோலோக்காரர் அத எந்தத் தடயமும் இல்லாம தாண்டிப் போறத கேக்குறப்ப, அங்க ஆறேழு விரல் ஒண்ணா எறங்குதுன்னு ஞாபகம் வச்சுக்கங்க.

மொஸார்ட் 1791ல, சாகறதுக்குக் கொஞ்ச மாசம் முன்னாடி, ஆன்டன் ஸ்டாட்லர்ங்கிற கிளாரினெட்காரருக்காக எழுதின கிளாரினெட் கான்செர்ட்டோ (சோலோக் கருவியும் ஆர்கெஸ்ட்ராவும் சேந்து வாசிக்கிற படைப்பு) தான் இந்தக் கருவிக்காரங்க எல்லாரும் எப்பவாவது வாசிச்சே ஆகணும்னு இருக்கிற படைப்பு. அதுல ஆர்கெஸ்ட்ராவுக்கு ஓபோவே கிடையாது, ஃப்ளூட், பசூன், ஹார்ன், தந்திக் கருவிகள் அவ்வளவு தான், சோலோவுக்குப் போட்டியா கூர்மையான ரீடு சத்தம் எதுவும் இருக்காது. ஆனா முதல் 56 பார் (பார்னா நம்ம தாள ஆவர்த்தனம் மாதிரி ஒரு சின்னக் கட்டம்) ஆர்கெஸ்ட்ரா மட்டும் வாசிக்கும், சோலோக்காரர் சும்மா நிக்கணும். அந்த ரெண்டு நிமிஷத்துல குழாய்க்குள்ள இருக்கிற காத்து ஆறிப் போகும். காத்து ஆறினா ஒலி வேகம் குறையும், சுருதி இறங்கும், ஒரு டிகிரிக்கு சுமாரா 3 சென்ட், அரைஸ்வரத்துக்கு 100 சென்ட் கணக்குல. அதனால தான் சில பேர் சத்தம் வராம குழாய்க்குள்ள வெதுவெதுன்னு மூச்சு விட்டுக்கிட்டே நிப்பாங்க, சில பேர் முதல் வயலினோட சேந்து மெதுவா வாசிச்சுக்கிட்டே இருப்பாங்க.

இப்ப கண்டக்டர், அதாவது குச்சிய அசைச்சு ஆர்கெஸ்ட்ராவ நடத்துறவர், விஷயத்துக்கு வருவோம். பியானோல விரல் பட்ட நொடி சத்தம் தொடங்கிடும். கிளாரினெட்ல அப்படி இல்ல. மூச்சழுத்தம் ஒரு எல்லைய தாண்டினா தான் ரீடு அதிரவே ஆரம்பிக்கும், அந்த எல்லைய ஒட்டியே ஊதினா அதிர்வு மெல்ல மெல்ல தான் வளரும், மேல் ஹார்மோனிக்ஸும், அதாவது முன்னாடி சொன்ன அந்த 3 மடங்கு, 5 மடங்கு அதிர்வுகளும், கொஞ்சமா தான் இருக்கும். கிளாரினெட்டால ஒண்ணுமில்லாததுல இருந்து ஒரு ஸ்வரத்த முளைக்க வைக்க முடியுதுன்னா அதுக்கு இதுதான் காரணம். கேக்குறவங்களுக்கு சொர்க்கம், கூட வாசிக்கிறவங்களுக்குத் தொல்லை, ஏன்னா அந்த ஸ்வரம் எந்த நொடில ஆரம்பிச்சதுன்னே சொல்ல முடியாது. அதனால அனுபவமுள்ள கண்டக்டர் காத நம்பி உக்காந்திருக்க மாட்டார், சோலோக்காரர் மூச்சிழுக்கிறத, தோள் எழும்புறத ஓரக்கண்ணுல பாத்து அதே வேகத்துல குச்சிய தூக்குவார்.

குச்சி எதுக்குன்னா, சத்தம் மெதுவா போற சாமான். ஒரு மீட்டருக்கு சுமார் 3 மில்லிசெகண்ட். மேடைல 15 மீட்டர் தள்ளி இருக்கிறவர் வாசிச்சது உங்க காதுக்கு வர 44 மில்லிசெகண்ட் ஆகும், வேகமான பகுதில நிமிஷத்துக்கு 120 தாள அடின்னா ஒரு அடில கால்வாசியே 125 மில்லிசெகண்ட் தான், அதுல மூணுல ஒரு பங்கு இங்கயே போச்சு. கடைசி வரிசைல டிம்பனிங்கிற பெரிய முரசு வாசிக்கிறவர் முன்னாடி கேக்குறதோட சேந்து அடிச்சார்னா, கேட்டதும் லேட்டு, அவர் சத்தம் முன்னாடி வர்றதும் லேட்டு, ஹாலுக்கு ரெண்டு லேட்டும் சேந்து கேக்கும். அதனால அவங்க காதுக்கு கொஞ்சம் முந்திக்கிட்ட மாதிரி இருந்தாலும் கண்ணுல படுற குச்சியோட தான் அடிக்கணும், வெளிச்சத்துக்கு இந்த தூரமெல்லாம் ஒண்ணுமே இல்ல.

வெளில இருந்து விருந்தாளியா வந்து நடத்துற கெஸ்ட் கண்டக்டருக்கு இங்க தான் சோதனை. ஒவ்வொரு ஆர்கெஸ்ட்ராவுக்கும் ஒரு பழக்கம் இருக்கும், சில இடத்துல குச்சி எறங்கினதுமே சத்தம் வரும், ஐரோப்பால சில பழைய ஆர்கெஸ்ட்ராக்கள்ல குச்சி எறங்கி நல்லா ஒரு இடைவெளி விட்டுத் தான் வரும். அது தெரியாம வந்தவர் லேட்டாகுதேன்னு பதறி கைய வேகமா வீசினா மொத்த டெம்போவும் (வாசிக்கிற வேகமும்) ஓடிப் போயிடும், காத்திருந்தா இழுத்துக்கிட்டு போகும். அவருக்குக் கிடைக்கிறது பெரும்பாலும் ஒரு சில ஒத்திகை தான், அதுவும் ஆளில்லாத ஹால்ல. மனுஷ உடம்பும் துணியும் சத்தத்த உறிஞ்சும், காலி ஹால்ல எதிரொலி நீளமா இருக்கும், கச்சேரி அன்னைக்கு அது சுருங்கிடும், ஒத்திகைல சரியா இருந்த மெல்லிய கிளாரினெட் ஸ்வரம் அன்னைக்குத் திடீர்னு ஒல்லியா கேக்கலாம். நல்லா கட்டின ஹால்கள்ல இதுக்காகவே சீட்டோட குஷன், ஆள் உக்காந்திருந்தா எவ்வளவு உறிஞ்சுமோ கிட்டத்தட்ட அவ்வளவே காலியா இருக்கிறப்பவும் உறிஞ்சுற மாதிரி பாத்து செய்வாங்க. மத்த ஹால்கள்ல கண்டக்டர் ஒத்திகை நடுவுல குச்சிய அசிஸ்டன்ட் கைல குடுத்துட்டு, கடைசி வரிசை வரைக்கும் நடந்து போய் நின்னு கேட்டுட்டு வருவார்.